ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்

குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். நாமக்கல்லில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் இந்த வரியை என் கையாலேயே எழுத்துக் கோத்து அச்சடித்தேன். எண்பத்து நான்காம் வருஷம். அது விறகுக் கணக்கெடுப்புப் படிவம்; என் மனைவி வசந்தாமணி அந்தக் கணக்கெடுப்பில் மேற்பார்வையாளராக இருந்தாள்.

கிராமத்து வீடுகளில் எதை எரிக்கிறார்கள், எவ்வளவு எரிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். இப்படியே எரித்தால் இருபது, முப்பது வருஷத்தில் காடும் மழையும் என்னவாகும் என்று கணக்குப் போட அந்த எண்கள் தேவைப்பட்டன. முன்பும் ஒருமுறை எடுத்திருந்தார்கள். சேலத்தில் சுமை என்று எழுதினார்கள், ஈரோட்டுப் பக்கம் வண்டி, தருமபுரியில் கட்டு. நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலத்துக்குள்ளேயே மேச்சேரியில் சுமை என்றால் வேலமுள், ஜேடர்பாளையத்தில் தென்னைமட்டை. எதையும் எதோடும் கூட்ட முடியாமல் அத்தனை தாளும் வீணாயிற்று. அதனால் இந்த முறை மூன்று மாவட்டத்துக்கும் கிலோ, மூன்றுக்கும் ஒரே சொல், ஒரே விளக்கம்.

சேலத்துப் பகுதிக்குப் பொறுப்பு சின்னுசாமி என்ற கல்லூரி ஆசிரியர். நல்ல மனிதர். படிவத்தை இறுதி செய்ய அச்சகத்துக்கே வந்தார். ஈர மை உலராத தாளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு அவரும் வசந்தாமணியும் தர்க்கம் செய்தார்கள்.

"ஒரு மாசம் எரிச்ச வெறகைக் கேக்கறோம். தலையை மட்டும் நாம படிவம் எழுதப் போற அன்னைக்கு இருக்கறதை எண்ணறோம். அதெப்படிங்க சரியாகும்?" என்றாள் அவள். "மாசம் பூரா இங்க தின்னுட்டு நேத்துப் புருசன் ஊட்டுக்குப் போன புள்ளை கணக்குல வர வேண்டாமுங்களா?"

"அவ புருசன் ஊட்டுல வருவா அம்மணி. ரெண்டு பக்கமும் எண்ணுனா மொத்தம் கெட்டுப்போகும்."

"சரிங்க. மாசத்து நடுவுல செத்துப்போனவங்க? அவிங்க எந்த ஊட்டுலயும் வரமாட்டாங்களே?"

சின்னுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொல்றது நெசந்தான். ஆனா மத்த ரெண்டு ஜில்லாக்காரங்களும் இதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நாம மட்டும் மாத்துனா மறுபடியும் பழைய கதைதான்."

அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு, "அப்பச் சரிங்க. தப்புன்னாலும் எல்லாரும் ஒரே தப்பாப் பண்ணோணும்," என்று சிரித்தாள். நான் அடுத்த தாளைப் போட்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகு படிவத்தின் விதிகளை அவளைப்போலக் காப்பாற்றியவர் யாரும் இல்லை. பள்ளிபாளையம் பக்கம் சென்னியம்மாள் என்று ஒரு கிழவி, "ஊடும் ஒண்ணு, குடும்பமும் ஒண்ணுதான்" என்று சாதித்தாளாம். இவள் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு அடுப்பும் சூடாக இருந்திருக்கின்றன.

"அப்ப இந்த அடுப்பு யாருக்குங்க? கோழிக்குங்களா?"

"எம் மருமவளுக்கு. அந்த மகராணி எங்கையால திங்க மாட்டா. ஊருக்குள்ள சொல்லிப்புடாத அம்மணி."

"நான் ஏனுங்க சொல்றேன்? ரெண்டு படிவம் எழுதிக்கறேன், அவ்வளவுதான்."

இதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாலை பஸ்ஸில் அவள் வந்து இறங்கி இப்படி எதையாவது சொல்லும்வரை வீட்டில் சத்தமே இருக்காது.

கணக்கெடுக்க வேண்டிய வீடுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். எங்கள் வீடும் அந்தக் குலுக்கலில் விழுந்திருந்தது. வசந்தாமணிக்கு அதில் ஒரே சந்தோஷம். பங்குனி கடைசியிலிருந்து ஒரு மாதம், ஒவ்வொரு நாளும் எரிக்கிற விறகை வில் தராசில் மாட்டி எடை பார்த்து எழுத வேண்டும். அந்த நேரத்தில்தான் அவள் படுத்தாள். தை மாதத்திலிருந்தே வெளுத்துக்கொண்டு வந்தாள். அலைச்சல் என்று நினைத்தோம். ஈரோட்டில் டாக்டர் ரத்தத்தில் கோளாறு என்று சொல்லி, வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்.

சித்திரை வெயில். தெருவில் நாய்கூட நடக்காது. அவளுக்குக் குளிரெடுத்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. சின்ன மண்ணடுப்பைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து எரித்தேன். பகலெல்லாம் எரிந்தது. பார்க்க வந்தவர்கள் அனல் தாங்காமல் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். எனக்கு வேர்த்து ஊற்றியது.

"எனக்குப் பல்லு தந்தி அடிக்குது, நீங்க ஆத்துல முழுகி எந்திரிச்சாப்பல இருக்கறீங்க," என்றாள். பிறகு, "வெறகை எடை போட்டீங்களா?" என்றாள்.

"இப்ப அதுதான் கேடா?"

"நம்ம ஊடுன்னு உட்றாதீங்க. எழுதுங்க."

எழுதினேன். ஒவ்வொரு நாளும் எடை பார்த்தேன். அவள் போன அன்று காலையிலும் பார்த்தேன். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது.

காரியம் முடிந்த பிறகு, படிவத்தைப் பூர்த்தி செய்ய ராசாத்தி வந்தாள். மேச்சேரிப் பெண், வசந்தாமணி பழக்கிவிட்டவள். பிற்பகல் நேரம். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள். பிறகு கட்டில் இருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தாள். ஊர், தெரு, என் பெயர் எல்லாம் கேட்காமலே எழுதினாள். அடுத்த கேள்வி, குடும்பத்தில் எத்தனை பேர். அதையும் அவள் கேட்கவில்லை. பேனா தாளின்மேலேயே நின்றது.

"ரெண்டுன்னு போட்டுக்கறனுங்கண்ணா," என்றாள் தலை நிமிராமல்.

எனக்கும் அதுதான் வேண்டும். அந்த ஒரு கட்டத்தில் இரண்டு என்று இருந்தால் போதும் என்று இருந்தது. குடும்ப அட்டையில் வசந்தாமணியின் பெயரை அடித்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலிலும் அடிப்பார்கள். இந்த ஒரு தாளில் அவள் இருக்கலாம். அந்த மாதத்தில் பாதிக்கு மேல் என்னோடு ஒரே அடுப்பில்தான் சாப்பிட்டாள். கஞ்சிதான், இரண்டு கரண்டிதான். ஆனாலும் சாப்பிட்டாள்.

"அக்கா இருந்தாங்கல்லங்க அண்ணா? யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"உங்க அக்கா பாத்துக்கிட்டுத்தான் இருப்பா," என்றேன். "ஒண்ணுன்னு போடு சாமி."

அவள் எழுதினாள். எழுதிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் எடைக் கணக்கைக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு ஆளுக்கு இத்தனை வெறகுன்னா, நான் பொய் எழுதுனேன்னு சொல்லுவாங்கண்ணா. எது எதுக்கு ஆச்சுன்னு பிரிச்சுச் சொல்லுங்க. சமையல்?"

சொன்னேன். கொஞ்சம்தான்.

"குளிக்கத் தண்ணி காய வெக்க? மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேக வெக்க?"

"மாடு இல்லை. தண்ணி, அவ உடம்பு தொடைக்க."

"மீதி?"

"குளிருக்கு."

ராசாத்தி படிவத்தை மேலிருந்து கீழாகத் தேடினாள். நான் அச்சடித்த படிவம்தான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தச் சமவெளியில் யாரும் குளிருக்கு நெருப்பு மூட்டுவதில்லை. மூன்று மாவட்டத்துக்காரர்களுக்கும் அது தோன்றவில்லை. வசந்தாமணிக்கும் தோன்றவில்லை.

"அதுக்குக் கட்டமே இல்லீங்களே."

"கடைசியில ‘இதர’ன்னு ஒண்ணு இருக்கும் பாரு."

அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எண் அடங்கவில்லை. பக்கத்துக் கோட்டைத் தாண்டி எழுதினாள். மை காயும்வரை தாளை ஊதினாள். பிறகு தாளை மடிக்காமல் அட்டைக்குள் வைத்து எழுந்தாள்.

"ஆடியில இன்னொரு சுத்து வாரேனுங்கண்ணா. ரெண்டாவது தடவையும் எடுக்கோணும்."

"வா."

வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "அப்ப, அந்த ‘இதர’ கட்டத்துல..."

"அப்ப அதுல ஒண்ணும் இருக்காது அம்மணி," என்றேன்.