ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

காலையில் எழுந்ததும் அவன் முதலில் குளியலறை வாளியைப் பார்ப்பான். குழாய் இரவெல்லாம் சொட்டி வாளி முக்கால்வாசி நிறைந்திருக்கும். அந்தத் தண்ணீரிலேயே குளிப்பான். பிறகு ஒரு தம்ளர் காபி. ரொட்டியை வாட்டி, நின்றபடியே தின்பான். தட்டு கழுவும் வேலை மிச்சம். அடுத்து வீடு பெருக்குவான். சாப்பாட்டு மேசைக்கு அடியில் வரும்போது துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, தரையில் கிடக்கும் வயரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவான். வயரின் ஒரு முனையில் யுபிஎஸ். மறுமுனையில் அவன் மனைவியின் லேப்டாப், மூடியது மூடியபடி. யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பான். எரியும். கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவான்.

அவள் போனது வெயில் காலத்தில். இப்போது மழை முடிந்து குளிர் வந்துவிட்டது.

வேலைக்குக் கிளம்பியவள் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே சாய்ந்தாள். மூளையில் ஏதோ ஒரு நரம்பு. ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் கேட்டார்கள்: கடைசியாக என்ன சொன்னாள்? "போய்ட்டு வர்றேன்னு சொன்னா" என்றான். கேட்டவர்களுக்கு அது போதும். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். அவனுக்குத்தான் அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

லேப்டாப் பழையது. பேட்டரி எப்போதோ போய்விட்டது. வயரை உருவினால் அந்த நொடியே செத்துவிடும். அன்று காலை அவள் எதையும் அணைக்காமல், திறந்திருந்ததெல்லாம் திறந்தபடி, மூடியை மட்டும் சாத்திவிட்டுப் போனாள். உள்ளே எல்லாம் அரைத்தூக்கத்தில் கிடந்தது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடுமே என்று அவன் அந்த வாரமே யுபிஎஸ் வாங்கி மாட்டினான். அதன் பிறகு அதை அணைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

மாமியாரின் ஃபோன் ஒரு வியாழக்கிழமை வந்தது.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் அத்தை."

"சின்னவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. வீட்லேந்தே பாக்கற வேலையாம். திங்கக்கிழமை பயிற்சி ஆரம்பிக்கறாங்க. கம்ப்யூட்டர் இருந்தாத்தான் சேத்துக்குவாங்களாம். பெரியவளோடது அங்க சும்மாதானே கெடக்கு?"

"சரி அத்தை" என்று சொல்லிவிட்டான். வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. விட்ட வார்த்தையைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியாது.

சின்னவளும் பின்னாலேயே ஃபோன் செய்தாள். அக்காவின் லேப்டாப் எந்தக் காலத்து சிஸ்டம் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சி நடக்கும் பக்கம் அதில் திறக்காதாம். புதுசு ஏதாவது போட்டுத் தர முடியுமா அத்தான் என்று கேட்டாள்.

அவனுக்கு வேலை ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனை அறையில். தகட்டில் பூசிய நிறத்தை விளக்கடியில் பிடித்து, மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஒரே பச்சையை ஒன்பது பச்சைகளோடு வைத்துப் பார்க்கிற வேலை. அதற்கு அடுத்த அறையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தார். எந்த நோய் சொன்னாலும் "அணைச்சுட்டுப் போடு" என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதால் அவருக்குக் கம்பவுண்டர் என்று பெயர்.

"வயசு என்ன?" என்றார் கம்பவுண்டர், டீயை ஆற்றிக்கொண்டே.

"யாருக்கு?"

"பெட்டிக்குத்தான்யா."

"கல்யாணத்துக்கு முன்னாடியே அவகிட்ட இருந்துச்சு."

"அப்போ கெழவிதான். பரவாயில்ல, லினக்ஸ்னு லேசான சிஸ்டம் ஒண்ணு இருக்கு, அதப் போட்டா கெழவியும் எழுந்து ஓடுவா. பழச வழிச்சு எறிஞ்சுட்டு..."

"பழச அழிக்கக் கூடாது."

கம்பவுண்டர் டீயாற்றுவதை நிறுத்தினார்.

"சரி, அழிக்க வேண்டாம். பக்கத்துலயே குடி வெச்சிரலாம். ஒரே வீட்ல மாமியாரும் மருமகளும் மாதிரி. ரெண்டு பேரும் இருப்பாங்க, ஆனா ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அடுப்படியில. பெட்டிய போடும்போதே இன்னைக்கு யாரு சமையல்னு கேக்கும். நீ கைகாட்டற ஆளு வரும்." இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். "இதுல எல்லாம் இருக்கு. நடுவுல, 'முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு'ன்னு ஒரு வரி வரும். அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காத. அப்புறம் எங்கிட்ட வந்து அழுதா ஒண்ணும் நடக்காது."

யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு அதன் பிறகுதான் உறைத்தது.

"அழறதுன்னா... சும்மா ஒரு பேச்சுக்கு."

"தெரியும்" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுகிற பெண்.

"என்ன அத்தான், வீடு இப்படிப் பளபளன்னு கெடக்கு? ஆளே இல்லாத வீடு மாதிரி." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"டீ போடட்டுமா?" என்றான்.

"நீங்க போடற டீயா? நான் திங்கக்கிழமை வேலைல சேரணும், தெரியுமில்ல?"

அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். பென் டிரைவிலிருந்து கிளப்ப வேண்டுமென்றால் லேப்டாப் ஒருமுறை அணைந்து எழ வேண்டும். அணைத்தால் அவள் விட்டுப்போனது போய்விடும். ஆனால் ஹைபர்னேட் என்று ஒன்று இருக்கிறது. திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணையும். திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்தே எழும். அதைச் செய்துவிட்டால் பாம்பும் சாகும், தடியும் உடையாது. மூன்று நாள் யோசித்துக் கண்டுபிடித்த வழி. தன்னையே மெச்சிக்கொண்டிருந்தான்.

மூடியைத் திறந்தான். உள்ளே விசிறி முனகியது. திரை வெளுக்கும்போது உள்ளங்கையால் நடுப்பகுதியை மறைத்துக்கொண்டு, கீழ்மூலையை மட்டும் பார்த்தான்.

"இதென்ன அத்தான், பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கம்?"

அவன் ஹைபர்னேட்டை அழுத்தினான். திரை இருண்டது. பென் டிரைவைச் செருகிக் கிளப்பினான். நீல நிறத்தில் ஒரு புதுத் திரை, யார் வீட்டிலோ நுழைந்துவிட்டது போல, வந்து நின்றது. மொழி கேட்டது, ஊர் நேரம் கேட்டது, விசைப்பலகை கேட்டது. எல்லாம் ஒழுங்காகப் போனது. இடம் பிரிக்கிற கட்டத்தில் நின்றுவிட்டது. பழைய சிஸ்டம் முழுமையாக அணைக்கப்படவில்லை, உறக்கத்தில் இருக்கிறது. அதைத் திறந்து முறையாக அணைத்துவிட்டு வாருங்கள் என்றது. அதற்குக் கீழே அழுத்துவதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு.

அவன் விரலை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டு கம்பவுண்டருக்கு ஃபோன் செய்தான்.

"தூங்கறவன் படுத்திருக்கற பாயை எப்படிய்யா பாதியா கிழிப்ப?" என்றார் அவர். "அவன எழுப்பி உக்கார வெச்சுட்டுத்தான் கிழிக்கணும்."

"வேற வழியே இல்லையா?"

"குறுக்கு வழி இருக்கு. போனா பழசு நாசமாப் போயிடும். போறியா?"

ஃபோனை வைத்தான். சின்னவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அணைச்சாத்தான் ஆகுமாம்" என்றான்.

"அணைங்க. அதுக்கென்ன?"

"அன்னைக்குக் காலைலேந்து அணைக்கல."

அவள் மேசைக்கு அடியில் குனிந்து யுபிஎஸ்ஸைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"அக்கா விட்டுட்டுப் போனது அப்படியேவா?"

"அப்படியே."

"உள்ள இருக்கறத வேற எதுலயாவது காப்பி எடுத்துக்கலாமே."

"ஃபைல எடுக்கலாம். எடுத்துடறேன். திறந்து கெடக்கறத எடுக்க முடியாது."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வேணாம் அத்தான். ஃப்ரெண்டு ஒருத்திகிட்ட இருக்கு, சமாளிச்சுக்கறேன்." மூக்கைத் தேய்த்தாள். பொய் சொல்லும்போது அக்காவும் மூக்கைத்தான் தேய்ப்பாள். எத்தனை முறை அதை வைத்தே பிடித்திருக்கிறான்.

"உக்காரு" என்றான்.

பென் டிரைவை உருவிவிட்டு லேப்டாப்பைப் போட்டான். சொன்னபடியே, விட்ட இடத்திலிருந்து எழுந்தது. இந்த முறை கையால் மறைக்கவில்லை.

என்ன இருக்கும் என்று எதிர்பார்த்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. திரைச்சீலைத் துணி விற்கிற கடையின் பக்கம் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் பாதி ஆடிய சீட்டாட்டம். அதற்கும் பின்னால் வெள்ளையாக ஒரு நோட்பேட்.

முதலில் ஃபைல்களையும் படங்களையும் தனி டிஸ்க்கில் ஏற்றினான். அது ஓடி முடிகிறவரை இருவரும் டீ குடித்தார்கள். "பரவால்ல, உயிருக்கு ஆபத்தில்ல" என்றாள் சின்னவள். பிறகு துணிக்கடையை மூடினான். சீட்டாட்டத்துக்கு வந்தபோது அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"முடிச்சுட்டு மூடலாம் அத்தான். பாதில விட்டா அவளுக்குப் பிடிக்காது."

சிவப்பு ஒன்பதைத் தூக்கிப் பார்த்தாள். போகவில்லை. சீட்டுக் கட்டை ஒருமுறை முழுக்கப் புரட்டினாள். இன்னொரு முறை புரட்டினாள்.

"ஒண்ணும் நகராது. இது எப்பவோ மாட்டிக்கிச்சு. அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். இல்லன்னா பஸ்ஸ விட்டுட்டு இதத்தான் ஆடிட்டிருந்திருப்பா, கள்ளி."

"ம்" என்றான். அதையும் மூடினான்.

மிச்சம் நோட்பேட். வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதத் தொடங்கியது. வணக்கம், குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, பல முறை சொல்லியும் நீங்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை.

"இன்னுமா சொட்டுது?" என்றாள் சின்னவள்.

"வாளி வெச்சிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "நல்லா வெச்சீங்க வாளி. அவ இருந்திருந்தா உங்கள அந்த வாளியிலயே முக்கியிருப்பா."

மூடப் போனதும் சேமிக்கவா என்று கேட்டது. சேமி என்றான். பெயர் கேட்டது. 'குழாய்' என்று அடித்தான்.

திரையில் வேறொன்றும் இல்லை. ஷட்டவுன் என்ற சொல் மேல் சுட்டி நின்றது. சின்னவள் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் அழுத்தினான். அணைகிறது என்று காட்டியது. அணைந்தது. விசிறி நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். மேசைக்கடியில் பச்சை விளக்கு எப்போதும் போல் எரிந்துகொண்டிருந்தது.

மறுபடி பென் டிரைவ். இந்த முறை முரண்டு பிடிக்கவில்லை. டிஸ்க்கை ஒரு நீளப் பட்டையாகக் காட்டி, நடுவே ஒரு கோட்டைப் போட்டு, இழுத்துக்கொள்ளச் சொன்னது.

"இதான் பங்கு பிரிக்கறதா?" என்றாள். "அவளுக்கே பெருசா குடுத்துடுங்க. சின்னதுலேந்தே ஜன்னல் பக்கம் அவளுக்குத்தான். இப்ப போய் நான் சண்டைக்கு நிக்க மாட்டேன்."

அக்காவின் பங்கு பெரிதாக இருக்கும்படி கோட்டைத் தள்ளி வைத்தான். ஓடி முடிந்ததும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன, ஒன்றின் கீழ் ஒன்று. முதலில் பழையதைத் தொட்டுப் பார்த்தான். வந்தது. அவள் வைத்த படம், அவள் வைத்த இடத்திலேயே கோப்புகள். சத்தமில்லாமல், துடைத்துவிட்ட மேசை போல இருந்தது. அணைத்துவிட்டுப் புதியதைப் போட்டான். கிழவி எழுந்து ஓடத்தான் செய்தாள். பயிற்சிப் பக்கம் ஒரே தட்டில் திறந்தது. சின்னவள் கைதட்டினாள்.

சாயங்காலம் ஆகியிருந்தது. "அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துட்டிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே மவுஸைப் பையில் போட்டாள். லேப்டாப்பை மூடினாள். மேசைக்கு அடியில் குனிந்து, பிளக்கின் மேல் கை வைத்தாள்.

"கழட்டட்டுமா அத்தான்?"

"இரு."

அவன் வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டான். பிளக்கைப் பிடித்தான். இளஞ்சூடாக இருந்தது.

"உங்க அக்கா கடைசியா போய்ட்டு வர்றேன்னு சொல்லல" என்றான்.

"பின்ன?"

அவன் பிளக்கை உருவினான். யுபிஎஸ்ஸையும் அணைத்தான். வயரை முழங்கையில் சுற்றி, முனையைச் செருகி, அவள் கையில் கொடுத்தான். அதன் பிறகுதான் சொன்னான்.

"வாசல்ல நின்னு செருப்ப மாட்டிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம சொன்னா. 'சார்ஜர மட்டும் புடுங்கிடாத, சாயங்காலம் வந்து நானே அணைச்சுக்கறேன்.'"