முறுக்குக் கண்ணி

லவோன் கொண்டுவந்து வைத்த பையை ஆர்டிஸ் இரண்டு விரலால்தான் தூக்கினாள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவார்களே, அப்படி.

"பாருங்கடி, நம்ம லவோன் அந்தப் பொம்மைத் தறியில போட்டதையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்கா."

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபியோடு உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிக்க மனம் வராதவர்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள். தடுக்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை. ஆர்டிஸைப் பகைத்துக்கொண்டு அந்த ஊரில் யாரும் நிம்மதியாக ஒரு கேக் சுட்டதில்லை.

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருத்திக்குக் காலம் நெருங்கிவிட்டது என்று தெரிந்தால், ஆளாளுக்குக் கம்பளி நூலில் உள்ளங்கையளவு அறுகோணங்கள் பின்னிப் பஞ்சடைத்து, அந்தப் பொட்டணங்களையெல்லாம் ஒன்றோடொன்று கோத்துப் போர்வையாக்குவார்கள். உயிர் இருக்கும்வரை அது மடியில் கிடக்கும். பிறகு சவப்பெட்டிமேல். பிறகு பெட்டியோடு மண்ணுக்குள் போகும். இந்தத் தடவை அது மார்லிஸுக்கு. சர்க்கரை வியாதி முதலில் அவள் கண்ணைத் தின்றது. இப்போது சிறுநீரகத்தில் கைவைத்திருந்தது. மார்லிஸ் வேறு யாருமில்லை, லவோனின் கூடப்பிறந்த அக்கா. இருவரும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

லவோன் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. தன் கையால் பின்னிய ஒரே ஒரு பொட்டணமாவது அக்காவோடு மண்ணுக்குள் போனால் போதும். வாதத்தில் விரல்கள் கோணிப்போனதால் அவளுக்குப் பின்னல் ஊசி பிடிக்க வராது. ஆகவே முளைகள் நட்ட பிளாஸ்டிக் வளையத்தில், ஆர்டிஸ் சொன்ன அந்தப் பொம்மைத் தறியில், நூலைச் சுற்றி, கொக்கியால் கண்ணிகளைத் தூக்கித் தூக்கிப் போட்டு, பனிக்காலம் முழுக்கப் பின்னியிருந்தாள்.

போர்வை மார்லிஸின் மடிக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் லவோன் அக்கா வீட்டுக்குப் போய் வாசல் கண்ணாடி வழியே பார்த்தாள். அவளுடையது ஒன்றுகூட அதில் இல்லை. ஆர்டிஸைத் தேவாலயத்து அடுக்களையில் பிடித்தாள்.

"எங்கடி என்னோடது?"

"நான் கோத்தேன்டி, கர்த்தர்மேல ஆணையா! உங்கக்காதான் கட்டைவிரலால தடவித் தடவிக் கண்டுபுடிச்சா. வளையத்துல சுத்திப் போட்டா கண்ணியோட கால் முறுக்கிக்குதில்ல? ஊசியில போட்டா முறுக்காது. முறுக்கு தட்டுறதையெல்லாம் பிரிச்சு எறின்னா. எறிஞ்சிட்டேன்."

"எங்க எறிஞ்சே?"

"குப்பையிலயா போடுவேன்? எங்க நாய் படுக்கையில பஞ்சு கொறைஞ்சு கெடந்துச்சு. இப்ப அது சுகமாத் தூங்குது."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, ஆர்டிஸ் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். லவோன் வாங்கிக்கொண்டாள். கோபப்பட அவளுக்கு வாய் ஏது? அம்மா செத்தபோது மார்லிஸ் குளிருக்குப் பயந்து வெயிலடிக்கும் அரிசோனாவில் இருந்தாள். அடக்கம் முடிந்த பிறகுதான் லவோன் அவளுக்குப் போன் போட்டாள். பனிப்புயலில் கம்பி அறுந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னாள். கம்பி அறுந்தது என்னவோ நிஜம்தான், ஆனால் அது மறுநாளே சரியாகிவிட்டது. அது மார்லிஸுக்கும் பின்னால் தெரிந்துபோனது. ஒருநாளாவது அம்மாவுக்கு ஒரே மகளாக நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை, நின்றாள். அன்றைக்கு மனசுக்கு இனிப்பாகக்கூட இருந்தது.

வீட்டுக்குப் போனவள் மறுபடி வளையத்தை எடுத்தாள். நூலைச் சுற்றாமல், கண்ணிக்கு அடியில் கொக்கியை நுழைத்து, புது நூலை இழுத்து, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை முளையில் மாட்டினால் முறுக்கு விழாது. ஊசிப் பின்னல் தோற்றுப்போகும். ஆனால் கண்ணிக்குக் கண்ணி விரல் மடங்க வேண்டும். கோணல் விரலுக்கு அது சித்திரவதை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று பின்னி முடித்தாள். அழுகையும் வந்தது, அழுதாள்.

கோத்துத் தரச் சொல்லிக் கெஞ்சியபோது ஆர்டிஸ் மறுக்கவில்லை. வேடிக்கை பார்க்க யாருக்குக் கசக்கும்?

மார்லிஸின் கட்டைவிரல் போர்வைமேல் ஊர்ந்து வந்து அந்தப் பொட்டணத்தில் நின்றது. லவோன் மூச்சை அடக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்," என்றாள் ஆர்டிஸ், லவோனைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

"உன் கை இவ்ளோ நயமா வராதேடி. எங்கம்மா கை மாதிரி இருக்கு." மார்லிஸ் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அங்க நிக்கிறவளே, நீ நிக்கிறது எனக்குத் தெரியும். வந்து தொட்டுப் பாரு. கூடப்பொறந்தவ செய்ய வேண்டியதை ஊரான் வீட்டுக்காரி செஞ்சிருக்கா. உனக்கு வெக்கமா இல்ல?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நினைத்தது நடந்திருக்கும். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே?

"அது நான் பின்னுனது, அக்கா."

மார்லிஸின் விரல் எழவில்லை. அந்த அறுகோணத்தின் ஓரத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்தது. முகம்கூடக் கொஞ்சம் இளகியது. லவோன் ஓரடி முன்னால் வந்தாள்.

"ஆர்டிஸ், கத்தரிக்கோல் எடு."

"அக்கா!"

"வெட்டு."

ஆர்டிஸ் வெட்டிப் பொட்டணத்தை லவோன் கையில் திணித்தாள். "அந்த எடத்துல நெசமாவே என்னோடது ஒண்ணை வெச்சுத் தைக்கட்டுமா?"

"வேணாம். ஓட்டையாவே இருக்கட்டும். கண்ணு தெரியறவ பாக்கட்டும்."

பனி உருகிய வாரத்தில் மார்லிஸ் போய்ச்சேர்ந்தாள். தேவாலயத்தில் பெட்டிமேல் போர்வை விரிந்திருந்தது. நட்டநடுவில் ஓட்டை, அதன் வழியே பெட்டியின் பளபளத்த மரம். பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது லவோன் முன்னால் போனாள். கோட்டுப் பையிலிருந்து பொட்டணத்தை எடுத்து ஓட்டைக்குள் வைத்து அழுத்தினாள். அளவெடுத்தது போலப் பொருந்தியது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த பாட்டுக்கு ஆர்டிஸ் எழுந்தாள். போர்வையைச் சரிசெய்பவள் போலக் குனிந்து, பொட்டணத்தைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பார்த்த யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஓட்டையோடு பெட்டி இடுகாட்டுக்குப் போனது, குழிக்குள் இறங்கியது.

கீழ்த்தளத்தில் பன்றியிறைச்சி வைத்த பன்களும் உருளைக்கிழங்குப் பதார்த்தமும் பரிமாறினார்கள். ஆர்டிஸ் லவோனைத் தேடிவந்து காபியை வைத்தாள். கைப்பையைத் திறந்து அந்தப் பொட்டணத்தை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"உன்னோடதை அங்கயே மறந்து வெச்சிட்டு வந்துட்டியேடி," என்றாள். "பால் ஊத்தட்டுமா?"