சீனி கலக்காத கருப்பட்டி

பாண்டிச்செல்வத்துக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றே, அவர் மனைவி அங்காளம்மாள் வீட்டிலிருந்த சீனியைக் கொல்லையில் கொட்டிவிட்டாள். எறும்புக்குக் கொண்டாட்டம். பட்டாளத்திலிருந்து திரும்பியவர் ராஜபாளையத்து மில் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தார். வெறும் காப்பி அவர் தொண்டையில் இறங்காது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அந்த வீட்டில் கிடையாது.

சீனிதானே ஆகாது? கருப்பட்டி மருந்தாயிற்றே! பீர் முகமது கடையில் ஒரு துண்டை உடைத்து, மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, போலீஸ்காரி மாதிரி விசாரித்துத்தான் வாங்குவாள்.

“சீனி கலந்திருந்தா சொல்லிப்புடுங்க பாய். அவிய உசுரு சம்பந்தப்பட்டது.”

“அசல் பனங்கருப்பட்டி தாயி. நம்பிக் கொண்டுபோங்க.”

பாய் பொய் சொல்லவில்லை. காலையில் கருப்பட்டிக் காப்பி, வேலைக்குப் பிளாஸ்க் நிறையக் காப்பி, சாயங்காலம் சுக்குக் காப்பி. மருந்தைக் கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம்? தெருவில் சீனி போட்டுக் குடிக்கிறவர்களுக்குப் புத்தி சொல்லவும் கிளம்பிவிடுவாள், மகராசி.

மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். ஆனாலும் பூட்ஸ் கடித்த புண் ஆறாமல் பெருவிரல் கறுத்துப்போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். என்ன குடிக்கிறார் என்று டாக்டரம்மா கேட்டார்.

“சீனியக் கண்ணுலயே காட்டலம்மா. எம்புட்டுக் காப்பி குடிச்சாலும் கருப்பட்டிதான்,” என்றாள் பெருமையாக.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “கருப்பட்டியும் ரத்தத்துல சர்க்கரையாத்தாம்மா சேரும். புண்ணு ஆறாததுக்கு அதுவும் ஒரு காரணம்.”

அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விரலோடு போகாது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தும் விட்டார்கள்.

வார்டில் அவர் எழுந்து உட்கார்ந்ததும், இனிப்பே போடாத காப்பியை நீட்டினாள். முகத்தைச் சுளிப்பார், டம்ளரைத் தட்டிவிடுவார், நாலு வார்த்தை திட்டுவார் என்று நின்றாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அவர் நிதானமாகக் குடித்து முடித்தார்.

“நல்லாத்தான் இருக்கு ஏட்டி. எனக்கு இனிப்பு என்னைக்குமே அம்புட்டாப் பிடிக்காது. நீ ஆசையாக் குடுக்க, உன் மனசு நோகக் கூடாதேன்னுதான் குடிச்சேன்.”