கேட்காமல் கட்டிய பேனர்

பஸ் பல்கலைக்கழக வாசலில் திரும்பியதும் மா யூரிம் தன் பெயரைப் பார்த்தாள். பெயர் மட்டுமா, முகமும்தான். முதலாமாண்டில் நூலக அட்டைக்கு எடுத்த படம். தூக்கம் கலையாத கண், எண்ணெய் வழியும் நெற்றி. அதை ஆள் உயரத்துக்கு ஊதிப் பெரிதாக்கி இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். "வாழ்த்துகிறோம்! உணவு அறிவியல் துறை மா யூரிம், ஆஸ்திரேலியாவில் உலகளாவிய உணவுத்துறை வல்லுநராகத் தேர்வு."

அந்த வல்லுநருக்கு அங்கே என்ன வேலை என்று யூரிமுக்குத் தெரியும். குளிர் அறையில் நின்றுகொண்டு, கன்வேயரில் வருகிற கோழித் தொடையை எலும்பிலிருந்து பிரிக்க வேண்டும். போன மாதம் பியோ சார் கூப்பிட்டு இதைச் சொன்னபோது, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று குனிந்து வணங்கிவிட்டு வந்தாள். பெரியவர்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதற்கு இங்கே அதுதான் வழி. பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பியோ சாருக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததைத் தெரியாதது மாதிரி வைத்துக்கொள்வதற்குத்தானே அந்த மனுஷனுக்குச் சம்பளம்.

அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பிரிவின் தலைவர். கோட்டில் உலக உருண்டை பதித்த ஒரு பின் குத்தியிருப்பார். வகுப்பு வகுப்பாகப் போய், "உலகம் பெருசு பசங்களா, பறந்து போங்க" என்று கையை விரித்துக் காட்டுவார். அவர் பறந்த தூரம் உள்நாட்டிலேயே இருக்கிற ஜேஜு தீவு வரைக்கும். அங்கேயும் தேனிலவுக்கு வீட்டுக் கிம்ச்சி ஊறுகாயை டப்பாவில் கட்டிக்கொண்டு போனவர் என்று ஆபீஸ் உதவியாளர் ஹேரான் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

யூரிமுக்கோ எங்கேயும் பறக்க வேண்டியதில்லை. அவள் ஊரிலேயே சோயா விழுது தொழிற்சாலை இருக்கிறது. இரண்டு கோடை விடுமுறையும் அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை கற்றுக்கொண்டாள். அவித்த சோயாவில் எந்தப் பூஞ்சை படர்ந்தால் விழுது மணக்கும், எது வந்தால் குப்பைக்குப் போகும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. பூஞ்சையைப் பார்த்துப் பூரித்துப்போகிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான் என்று அப்பா கிண்டல் செய்வார். மேனேஜர் குக், "படிப்பு முடிஞ்சதும் முதல் தேதி வந்துடு" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அந்த நாற்காலிதான் அவளுக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

நேரே பியோ சார் அறைக்குப் போனாள்.

"சார், நான் போறேன்னு சொல்லவே இல்லையே."

"போகலைன்னும் சொல்லலையேம்மா."

"எனக்கு ஊர்லயே வேலை கிடைச்சிருக்கு சார்."

"விழுது கிண்டுற வேலையா?" அவர் மூக்கைச் சுருக்கினார். "புதன்கிழமை அமைச்சகத்துலேர்ந்து ஆய்வுக்குழு வருது. வெளிநாடு போற முகம் ஒண்ணாவது வாசல்ல தெரியணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. துணிதானேம்மா. கடிச்சா வைக்கப்போகுது?"

"அவுத்துடுங்க சார்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் பியோ சார். சிரிக்கக்கூட இல்லை.

துணி கடித்தது. சாயங்காலம் அவள் ஊருக்குப் போவதற்குள் இளைஞர் சங்கத்துக்காரர்கள் ஊர் முனையில் இன்னொரு பேனர் கட்டிவிட்டார்கள். அதில் "ஸ்ட்ராபெரி மா தொக்சுவின் அருமை மகள்" என்று அப்பாவின் பெயரும் சேர்ந்துகொண்டது. வீட்டு முற்றத்தில் பன்றிக்கறி வாட்டிய வாசனை. நாலைந்து பேர் அரிசிக் கள் குடித்து முகம் சிவந்து, அவளைக் கண்டதும் கைதட்டினார்கள்.

"வாடி வல்லுநரே, எங்களையெல்லாம் மறந்துடாதே" என்றார் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. "திரும்பி வரும்போது கங்காரு ஒண்ணு பிடிச்சுட்டு வா, உங்கப்பன் ஸ்ட்ராபெரிக் கூடாரத்துக்குக் காவலுக்கு ஆகும்."

அவர்கள் கிளம்பும்வரை யூரிம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அப்பா அடுப்புக் கரியைக் கிளறியபடியே கேட்டார்.

"கோழி வெட்டுறதா? வல்லுநர்னு போட்டிருக்கே."

"போட்டவரு அவரு. வெட்டப்போறது நான்."

"முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னடி? ஊரையே கூப்பிட்டு கறி போட்டுட்டேன். இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளியில நடப்பேன்?" அப்பாவின் குரல் இறங்கியது. "ஒரு வருஷம் போயிட்டு வந்துடேன். ஒரு வருஷம்தானே."

பெற்ற அப்பனையே தனக்கு எதிராக நிற்க வைத்துவிட்டான் அந்த உருண்டை குத்தின மனுஷன்.

அப்போதுதான் மேனேஜர் குக் போன் செய்தார். நல்ல மனுஷன், குரலில் நிஜமான சந்தோஷம். "யூரிம், பேனர் பார்த்தேன். பெருமையா இருக்கு. நீ இங்க வரலையேன்னு வருத்தம்தான், ஆனா வாழ்க்கையில முன்னேறணுமில்ல. உங்க காலேஜுக்குப் போன் போட்டு நிஜமான்னு கேட்டேன். ஆமான்னு சொல்லி, உன் இடத்துக்கு அவங்களே வேற பொண்ணையும் கையோட அனுப்பிட்டாங்க. இன்னைக்கே சேர்ந்துடுச்சு."

நான் எங்கேயும் போகவில்லை என்று யூரிம் வாயைத் திறப்பதற்குள் அவர் இன்னொரு தரம் வாழ்த்திவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவள் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் தொழிற்சாலைக்குப் போனாள். நேரில் விளக்கினால் மேனேஜர் கேட்பார் என்று ஒரு நப்பாசை. அவர் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார். அவளுடைய நாற்காலியில், அவளுடைய மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் பூஞ்சைத் தட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோட்டில் பெயர்ப் பட்டை: பியோ சொதாம்.

மாகாணம் முழுக்கச் சலித்தாலும் பியோ என்கிற குடும்பப்பெயர் பத்து வீட்டில் இருந்தால் அதிகம். யூரிம் அந்தப் பட்டையையே பார்த்தாள்.

"நீங்கதான் யூரிம் அக்காவா?" அந்தப் பெண் எழுந்து வணங்கினாள். முகத்தில் கள்ளமே இல்லை. "அப்பா சொன்னார், நீங்க ஆசைப்பட்டு வெளிநாடு போறீங்கன்னு. எப்படித்தான் தைரியம் வருதோ. எனக்கு வெளிச்சாப்பாடு ரெண்டு நாள் சாப்பிட்டாலே வயிறு கெட்டுடும். அப்பாவும் விடவே மாட்டார்."

"விட மாட்டாரா" என்றாள் யூரிம்.

பக்கத்தில் நின்ற மேனேஜருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. வாயால் சொன்னால் புகார் சொல்கிறாள் என்று ஆகும். யூரிம் போனை எடுத்தாள். பியோ சார் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தாள்.

"சார், யூரிம் பேசுறேன். நான் போறேன்."

"அப்படிப் போடு. எனக்குத் தெரியும்மா. மொதல்ல முறைச்சுக்குவீங்க, அப்புறம் வழிக்கு வருவீங்க. பேனரைக் கட்டிட்டா எல்லாரும் வழிக்கு வந்துடுறாங்க."

மேனேஜர் குக் தலையைத் தூக்கினார்.

"தனியாப் போகத்தான் பயமா இருக்கு சார். அங்க இன்னொரு இடமும் காலியா இருக்குன்னீங்களே. உங்க பொண்ணையும் என்கூட அனுப்புறீங்களா?"

போனில் பெரிய சிரிப்பு. "நல்லாக் கேட்டே போ. அந்தக் குளிர்ல நின்னு கோழி வெட்டவா நான் பொண்ணு பெத்தேன்? உங்களுக்குப் பழக்கம்மா. அப்பா விவசாயி, சின்னதுலேர்ந்து குனிஞ்சு நிமிர்ந்த உடம்பு. எம்பொண்ணு ஒரு வாளி தண்ணி தூக்குனதில்ல."

"உலகம் பெருசுன்னு சொன்னீங்களே சார்."

"யாருக்கு எதைச் சொல்றதுன்னு ஒரு கணக்கு இருக்கில்ல? மேடையில பேசுறதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? அவளுக்கு இங்கயே, வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு இடம் பார்த்து உக்கார வச்சாச்சு. நீ அதைப் பத்திக் கவலைப்படாதே."

"எந்த இடம் சார்?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் சொதாம் மேஜைப் பக்கம் குனிந்தாள். கன்னம் இரண்டும் சிவந்துவிட்டன.

"அப்பா, நான் இங்கதான் இருக்கேன். மேனேஜரும் இருக்கார்."

பியோ சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொதாம்... சாப்பிட்டியாம்மா?" என்றார்.

மேனேஜர் குக் யூரிமின் முகத்தைப் பார்த்தார், பிறகு சொதாமின் பெயர்ப் பட்டையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. ஆனாலும் நேற்றுச் சேர்த்த பெண்ணை இன்றைக்கு எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? நல்ல மனுஷர்களுக்கு வருகிற சங்கடம் அவருக்கும் வந்தது.

அவர் சொல்வதற்காகச் சொதாம் காத்திருக்கவில்லை. கோட்டின் பட்டன்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மடித்து நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"அக்கா, இது உங்களுக்குப் பெருசா இருக்கும். ஸ்டோர்ல வேற கேட்டு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

பியோ சார் இன்னும் போனை வைக்கவில்லை. மகளிடம் சாப்பிட்டாயா என்று மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார்.