இருபது அங்குலம்

சிதம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆரோக்கிய ராணி, பழக்கத்தில் ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவிய பிறகுதான் பார்த்தாள். தூணைக் காணோம். தூண் நின்ற இடத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது.

மகள் பிரசவத்துக்குக் கடலூர் போய்ப் பன்னிரண்டே நாள்தான்.

அது அவள் வரைந்த தூண். தையல் கடை மேசையில், பிரவுன் பேப்பரில், ஜாக்கெட்டுக்குக் குறி போடும் சாக்பீஸால் வரைந்தது. இந்த வடக்குமேட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களில் மூன்று பேர் எல்லையில் செத்திருந்தார்கள். அவள் தம்பி லியோ, அறிவழகன், தமிழ்மணி. வேறு வேறு வருஷம், வேறு வேறு மலை. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, பாதியில் நின்ற ஆயுசு. அதனால் தூணின் உச்சியைப் பூசாமல், செங்கல் தெரிய அப்படியே விடச் சொன்னாள். முகப்பில் கறுப்புக் கல்லில் மூன்று பெயர். கீழே ஒரு குடிதண்ணீர்க் குழாய், சரியாக இருபது அங்குல உயரத்தில். லியோவுக்குக் கடைசியாகத் தைத்த பேண்ட்டில், கீழிருந்து முழங்கால் வந்த அளவு அது. தண்ணீர் வேண்டுமென்றால் எவனாக இருந்தாலும் குனியட்டும் என்றாள். ஆறு வருஷமாக பஸ் டிரைவர் குனிந்தார், கல்யாண மாப்பிள்ளை குனிந்தான். பஞ்சாயத்துத் தலைவர் பாலகுமார் மட்டும் பாட்டில் தண்ணீர்தான் குடிப்பான்.

எதிரே தன் புது சிமென்ட் கடை வாசலில் அவனே நின்றிருந்தான்.

"வாக்கா. பேரனா, பேத்தியா?"

"தூணு எங்கடா?"

"ரோடு அகலப்படுத்துறாங்கல்ல. அதுவும் மேல பூசாம பாதியில நின்னுச்சு. பாக்கறவன் காறித் துப்புறான். புதுசா வெக்கிறோம்க்கா. துப்பாக்கி, ஹெல்மெட்டு, எல்லாம் பைபர்ல. ஆகஸ்டு பதினஞ்சு தொறப்பு."

"கொழா?"

"கொழாயெல்லாம் எதுக்கு? ஈரம் ஜாஸ்தி, சேறு."

"பேரு வெட்டுன கல்லு?"

"அது... ஒடைக்கும்போது போயிருக்கும்."

டீக்கடை ரத்தினம்மாள் கிளாஸைக் கழுவிக்கொண்டே, யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னாள்: "தலைவருக்குக் காலுக்குக் கீழ பாக்குற வழக்கமில்ல."

பாலகுமாரின் காலுக்குக் கீழே கடையின் வாசற்படி. காலையில் பதித்த கறுப்புக் கல். சுற்றிலும் கலவை இன்னும் ஈரமாக இருந்தது. ஓரத்தில், அவள் பார்த்துப் பார்த்து இழைக்கச் சொன்ன அதே வளைவு.

ராணி திரும்பினாள். ஜல்லிக் குவியலில் சாய்ந்திருந்த கடப்பாரையை எடுத்தாள். கையில் தொங்கிய பிரயாணப் பையைக்கூடக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"எறங்குடா."

"யக்கா, கல்லு நல்ல கல்லு, வீணாப் போவுதேன்னுதான்... பேரு உள்பக்கம்தானக்கா இருக்கு. யாரும் மிதிக்கல."

"எறங்குன்னேன்."

இறங்கினான். கடப்பாரை முனையைச் சந்தில் குத்தி, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாள். அசையவில்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து தமிழ்மணியின் அப்பா பழனிவேல் எழுந்து வந்தார். கடப்பாரையின் மறுபாதியைப் பிடித்தார். கல் பச்சென்று பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்து, பின்பக்கம் சாய்ந்தது.

கல்லின் முகமெல்லாம் கலவை மெல்லிசாகப் படிந்திருந்தது. எழுத்து தெரியவில்லை. ஆனால் கீழே, ஈரக் கலவையில், மூன்று பெயரும் புடைத்துக்கொண்டு நின்றன. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி, ஒரு எழுத்து விடாமல்.

பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் வந்து சூழ்ந்துவிட்டார்கள்.

"அதை முதல்ல தேச்சு விடுய்யா," என்றான் பாலகுமார். படியைப் பதித்த கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டார். கரணையை மட்டும் அவனிடம் நீட்டினார்.

பாலகுமார் வாங்கிக்கொண்டான். சுற்றிலும் பார்த்தான். வெள்ளை வேட்டியைத் தூக்கிச் சொருகினான். நின்றபடி கை எட்டவில்லை. கரணை நுனி காற்றிலேயே ஆடியது.

கடப்பாரையை ஊன்றியபடி ராணி அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.