தேதி போடாத டிக்கெட்

கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "சும்மா சுத்திப் பாக்கப் போறேன்." ஒருத்தர் கூட நம்பவில்லை.

1982-ஆம் வருஷம் அது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷமாக டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேதா என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரியாதவர்களுக்குக் குரல் தெரியும். பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கால் வந்தால் நான்தான் லைனைக் கொடுப்பேன். "கேக்குதா? நல்லா கீறீங்களா?" என்று கத்தியே ஒரு காலுக்கு உள்ள மூன்று நிமிஷத்தையும் தீர்த்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அந்த இரைச்சலுக்குப் பின்னால் சில சமயம் மழை பெய்கிற சத்தம் கேட்கும். இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போது அங்கே மழை. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். இதையெல்லாம் ஒரு பாரத்தில் எழுத முடியுமா?

எழுத முடியாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. சர்க்கார் வேலை என்பதால் வெளிநாடு போக மேலாபீஸின் சம்மதம் வேண்டும். "பயணத்தின் நோக்கம்" என்ற இடத்தில் "சுற்றிப் பார்த்தல்" என்று எழுதினேன். சரியான காரணம் எழுதவும் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அதையே எழுதி, அடியில் கோடும் போட்டு அனுப்பினேன்; அலுத்துப்போய்ச் சம்மதித்தார்கள். பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்த போலீஸ்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுக் கேட்டார்.

"அங்க சொந்தக்காரங்க யாருமா?"

"யாரும் இல்லீங்க."

"வேலைக்கா?"

"வேலை இங்கயே இருக்குதுங்க."

"வேண்டுதலா?"

"அண்ணாமலையார் இங்க இருக்கும்போது வேண்டுதலுக்கு ஏங்க பினாங்கு போறேன்?"

அவர் நோட்டில் என்ன எழுதினாரோ தெரியாது. வெகுநேரம் எழுதினார்.

எனக்குக் கோபம் எதில் என்றால், இதே ஊரில் ரமணாசிரமம் பக்கம் போய்ப் பாருங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் தன்னந்தனியாக வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். சும்மா இருப்பதற்கென்றே கடல் தாண்டி வருகிறார்கள். அவர்களை யாராவது எதற்கு வந்தாய் என்று கேட்கிறார்களா? இளநீரை வெட்டி நீட்டுகிறார்கள். நான் இங்கிருந்து சும்மா இருக்கக் கிளம்பினால் மட்டும் ஊர் முழுக்க வயிறு கலங்குகிறது.

அப்படி வந்தவர்களில் ஒரு டென்மார்க்காரி மாதம் ஒரு தடவை தன் தங்கையோடு பேச எக்ஸ்சேஞ்சுக்கு வருவாள். கால் கிடைக்க மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவள்தான் எனக்குத் திட்டம் போடச் சொல்லிக் கொடுத்தாள். ஓர் ஊரில் மூன்று இரவுக்குக் குறைந்து தங்காதே. கோயில், கடைத்தெரு, கடற்கரை, மலை என்று மாற்றி மாற்றிப் போ, அலுக்காது. முக்கியமாக, மூன்று நாளுக்கு ஒரு நாளை வெறுமனே விட்டு வை, அன்றைக்கு எழுந்த பிறகு என்ன தோன்றுகிறதோ அதைச் செய். நான் ஒரு நோட்டில் பதினெட்டு நாளுக்குக் கட்டம் போட்டேன். அது போக, போக ஒரு வாரமும் வர ஒரு வாரமும் கப்பல். நடுவே பினாங்கு, கேமரன் மலை, மலாக்கா, சிங்கப்பூர். ஆறு கட்டங்களில் ஒன்றுமே எழுதவில்லை. அந்த ஆறையும் தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாஸ்போர்ட் பாரம் நிரப்பித் தரும் ஜியாவுல்லா. ஊரில் என்னைக் காரணம் கேட்காத ஒரே மனிதர்.

"திரும்பி வர தேதி இன்னா போடறதும்மா?"

"அங்க போய் போட்டுக்கலாமாங்க?"

"போட்டுக்கலாம். ஓபன்னு எழுதிக் குடுப்பாங்க."

"அப்படியே இருக்கட்டும்."

ஒரு கப்பலைப் பிடிக்க முடியாவிட்டால் அடுத்த கப்பலில் வரலாம். லீவு நாற்பது நாள் இருக்கிறது. எந்தத் தேதியும் என் கழுத்தைப் பிடிக்காமல் ஒரு மாதம் இருந்து பார்க்கலாம் என்றுதான் அப்படிச் செய்தேன்.

டிக்கெட் வந்த வாரத்திலிருந்து ஆரம்பித்தது தொல்லை. எதிர் வீட்டு மணியம்மாள் ஒரு தூக்கு நிறைய எலுமிச்சை ஊறுகாயோடு வந்தாள். பினாங்கில் அவள் மகன் இருக்கிறான், கையில் கொடுத்து, சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். மறுநாள் ஒருவர் கார்த்திகை தீப மையும் விபூதியும் கொண்டுவந்தார், சிங்கப்பூரில் நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க. மூன்றாம் நாள் ஒரு பெண்ணின் ஜாதகம், மலாக்காவில் மாப்பிள்ளை வீடு. அப்புறம் புளி, சீயக்காய்த் தூள், வறுத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை. பிளேன் என்றால் இருபது கிலோவுக்கு மேல் கூடாது என்று தப்பித்திருப்பேன். கப்பலில் போகிறேன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

"கப்பல்தானே, எவ்ளோ வேணாலும் ஏத்தலாம்" என்றார் மல்லாட்டை கொண்டுவந்தவர்.

"கப்பல் ஏத்தும்ங்க. நான் ஏத்தணுமே?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூட்டைகளைக் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூட்டையோடு நாளையும் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் பினாங்கில் இறங்கும் அன்றைக்கு என் மகன் வருவான், இரண்டாம் நாள் என் மச்சான் வீட்டில் சாப்பாடு, ஏழாம் நாள் எங்கள் சித்தப்பா பஸ் ஸ்டாண்டில் நிற்பார். எழுதிவிட்டோம், கடுதாசி போய்விட்டது. நோட்டை எடுத்துப் பார்த்தால் என் கட்டங்களில் எல்லாம் ஊரார் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு காலிக் கட்டங்களில் ஐந்து போய்விட்டது. ஆத்திரத்தில் அழக்கூட வரவில்லை.

இதற்கு நடுவில் என் தம்பி ராஜமாணிக்கம். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறான். பே கோபுரத் தெருவில் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவனும் அவன் மனைவியும். அம்மா போனபோது அவனுக்குப் பத்து வயது, எனக்குப் பத்தொன்பது. வளர்த்தது நான்தான். அதைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்கு இல்லை, இங்கே வேறு வழியில்லாமல் சொல்கிறேன். மண்டியிலிருந்து வந்ததும் நேரே என் பக்கம் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் தன் பக்கம் போவான். முப்பத்து மூன்று வயதிலும் அப்படித்தான். அவன் ஒரு நாள் தன் மாமியார் ரேணுகாம்பாளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, அத்தையும் உன்கூட வரேன்றாங்க. துணைக்கு ஆச்சு."

"அவங்களுக்கு முட்டி வலி. மாடிப்படி ஏற மாட்டாங்க."

"கப்பல்ல ஏது மாடி?" என்றார் ரேணுகாம்பாள்.

கப்பலில் என்னவெல்லாம் இருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு விளக்கி, அனுப்பி வைப்பதற்குள் என் பிராணன் போய்விட்டது. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தானே தவிர சாப்பிடவில்லை.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, மத்தியானம் பீபி ஜான் வந்தாள். அடுத்த தெருவில் தையல் போடுகிறவள், எனக்கு ரவிக்கை தைப்பவள். அவள் கையிலும் ஒரு துணிப் பை. குட்டிக் குட்டியாக நான்கு கவுன்.

"நீயுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"கோச்சுக்காத வேதாம்மா. எனக்கு இஷ்டமே இல்ல. உன்கிட்ட சுமை ஜாஸ்தின்னு தெரியாதா? உன் தம்பிதான் வந்து கேட்டுச்சு."

"என்ன கேட்டான்?"

"பினாங்குல உங்களுக்கு யாராவது இருந்தா எதனா குடுத்து அனுப்புங்கன்னு. நாலாவது நாளு யாரும் இல்லியாம், அன்னிக்கு என் தங்கச்சி வீட்டுக்கு நீ வந்தா நல்லா இருக்கும்னு. எல்லா வீட்டுக்கும் போச்சே? உனக்குத் தெரியாதா?"

அந்த நாலாவது நாள்தான் என் கடைசிக் காலிக் கட்டம். நோட்டை நான் அலமாரியில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போகும் நேரங்களில் அவன் எடுத்துப் பார்த்திருக்கிறான். பார்த்து, நாள் நாளாக எண்ணி, ஊரெல்லாம் அலைந்து ஆள் போட்டிருக்கிறான்.

சாயங்காலம் அவன் வந்து உட்கார்ந்தான். தட்டில் தோசையை வைத்தேன். எடுத்து வாயில் வைக்கும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஊறுகாய், புளி, ஜாதகம், எல்லாம் உன் வேலையாடா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"ஏன்டா? நான் என்ன தப்புப் பண்ணேன்? இருபது வருஷத்துல ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் கேட்டேன். அதுல உனக்கு இன்னாடா கஷ்டம்?"

"ஒவ்வொரு நாளும் யாராவது உன்னப் பாத்தாங்கன்னா, எனக்கு எழுதுவாங்க இல்ல?"

"நான் எழுத மாட்டேனா?"

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "டிக்கெட்ட பாத்தேன்க்கா. போற தேதி இருக்குது. வர தேதி இல்ல."

"அது அங்க போய்ப் போட்டுக்கலாம். ஜியாவுல்லா பாயைக் கேளு."

"கேட்டேன். அவரும் அதான் சொன்னாரு." தோசையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். "எதுக்குப் போறன்னு கேட்டா சும்மான்ற. வேலைன்னா வேலை முடிஞ்சா வருவ. சொந்தம்னா பாத்துட்டு வருவ. போறதுக்கே காரணம் இல்லாதவ, வரதுக்கு மட்டும் காரணம் இருக்குமாக்கா?"

மண்டியில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் போகவில்லை. இவனை நான் அடிக்கவா, அணைக்கவா?

"நாளைக்கு லீவு போடு" என்றேன். "ஒரு வண்டி பிடி. எல்லா மூட்டையையும் ஏத்திக்கினு யாராரு வீட்டுல கேட்டியோ அவங்கவங்க வீட்டுல நீயே போய்க் குடு. நாலு கவுன் உட்பட. அக்கா யாரையும் பாக்க மாட்டா, யார் வீட்டுலயும் சாப்பிட மாட்டான்னு உன் வாயாலயே சொல்லு."

"சரி."

"கடுதாசி எழுதினவங்களுக்கெல்லாம் மறுபடியும் எழுதச் சொல்லு."

"சரிக்கா. தேதி மட்டும் போட்டுடேன்."

"போட மாட்டேன்."

பத்து வயதில் ஜுரம் வந்தால் எப்படி என்னைப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான்.

"வந்துடுவல்ல?"

"வருவேன்டா. எங்க போயிடப் போறேன்? லீவு முடியறதுக்குள்ள வந்து நிக்க மாட்டேனா?"

அவன் முகம் தெளிந்தது. நான் சொன்னால் அவன் எப்போதும் நம்பிவிடுவான். தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டான், இன்னொன்று கேட்டான். நான் எழுந்து அடுப்புக்குப் போனேன். கரண்டியில் மாவை எடுத்தேன். கல்லில் ஊற்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் கேட்கும்வரை, திரும்பி வராமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பாவி, அவனாகவே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான்.