அறுபத்தொன்றாம் பக்கத்துப் பாடம்

1993 பிப்ரவரி எட்டாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து, சிவாஜிநகரில் வேதநாயகி வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த காகிதமெல்லாம் பனையோலையாகிவிட்டது. முதலில் மாறியது செய்தித்தாள். செய்திகள் ஒன்றுவிடாமல் ஓலையில் கீறப்பட்டிருந்தன, சினிமா விளம்பரம் உட்பட. பிறகு காலண்டர், மிக்ஸர் பொட்டலம், கரண்டு பில். பில் கட்டுமிடத்தில் ஓலையைத் திருப்பிப் பார்த்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வரிசை நீளமாக இருந்தது, ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை.

காரணம் வேதநாயகிக்குத் தெரியும். அவள் சந்திரசேகரனின் அச்சகத்தில் பிழை திருத்துபவள். தமிழ்ப் பள்ளிகளுக்கான வரலாற்றுக் கைடு தொண்ணூற்றெட்டுப் பக்கத்தில் வந்து நின்றது. பதினாறு பக்கம் அச்சாகும் ஒரு தாள்தான் ஃபாரம். ஆறு ஃபாரத்தைத் தாண்டினால் கட்டுப்படியாகாது. "எங்கியாவது ரெண்டு பக்கத்த தூக்கிடுங்கம்மா" என்றார் முதலாளி. எதை என்று சொல்லவில்லை. பயிற்சிக் கேள்விகளே நாலு பக்கம் இருந்தன. அவள் தூக்கியது 'காகிதம் வந்த வழி' என்ற பாடத்தை. சமர்கண்டிலிருந்து பாக்தாதுக்கும், பிறகு சுல்தான்களோடு தக்காணத்துக்கும் காகிதம் வந்ததையும், நம் எண்கள் இங்கிருந்து பாக்தாதுக்குப் போனதையும் சொல்லும் இரண்டே பக்கம். கோயிலும் மசூதியுமாக ஊர் பிளந்து கிடந்த நேரம் அது. இந்தப் பாடம் இருந்தால் யாராவது முகம் சுளிப்பார்கள், போனால் ஏனென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தாள். யாரும் அவளை மிரட்டவில்லை. அதுதான் வெட்கக்கேடு.

ஆனால் பொருளடக்கத்தில் அந்தப் பாடத்தின் பெயரை எடுக்க மறந்துபோனாள். ஃபாரம் மடிக்கும் வேலையை வீட்டில் வைத்துச் செய்துவந்த பக்கத்து வீட்டு ஃபாத்திமா முதல் நாளே கேட்டாள்: "அறுபத்தொண்ணுல காகிதப் பாடம்னு போட்டிருக்கு, அங்க வேற என்னமோ இருக்கேக்கா?"

"அச்சுப்பிழை" என்றாள் வேதநாயகி. மறுநாள்தான் ஓலை.

கடைக்குப் போய்த் திரும்பும்போது ரேஷன் கார்டும் ஓலையாகிவிடக் கூடாதென்று அதை ஃபாத்திமாவிடம் கொடுத்துவைத்தாள். அப்புறம் வீட்டுப் பத்திரம், மகனின் மார்க் ஷீட். பதினோரு வருஷம் ஃபாத்திமா அவற்றைத் தன் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்தாள். ஒவ்வொரு முறை கேட்டு வாங்கும்போதும் வேதநாயகிக்கு உடம்பு கூசியது. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். டீ வரும், குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

2004இல் ஃபாத்திமா ஊருக்கு வெளியே ஆனேக்கலுக்கு வீடு மாற்றினாள். சாமான் வேனில் ஏறும்போது வேதநாயகி ஒருவழியாகச் சொன்னாள்: "அது அச்சுப்பிழை இல்ல ஃபாத்திமா. நானேதான் எடுத்தேன்."

ஃபாத்திமா பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தெரியும்க்கா. நீங்க என்னைக்கு பிழை விட்டிருக்கீங்க?"

வேன் புறப்பட்டது. வீட்டில் ஓலை ஓலையாகவேதான் இருந்தது, கார்டும் ஃபாத்திமாவோடு போயிற்று. மாதம் பிறந்தால் வேதநாயகி பஸ் ஏறி ஆனேக்கல் போய்க் கார்டை வாங்கி வருவாள், சர்க்கரை வாங்கியதும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஃபாத்திமா ஒரு முறைகூட அவளைச் சாப்பிடவைக்காமல் அனுப்பமாட்டாள்.